தைரொயிட் குறைந்தால் கை ஏன் விறைக்கிறது? கேள்வி பதில்

தைரொயிட் கிளினிக்கில் தாதியாக வேலை செய்தவள் நான். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் விறைப்பும் மறதியும்தான், அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மருதமுனை, கைத்தறி நெய்பவர்: தைரொயிட் குறைவு என்றார்கள். இரவில் கை விறைத்து எழும்புகிறேன், உதறினால்தான் சரியாகிறது. கழுத்தில் இருக்கிற சுரப்பிக்கும் கைக்கும் என்ன சம்பந்தம், மிஸ்?

சம்பந்தம் இருக்கிறது, தங்கச்சி. தைரொயிட் சுரக்கும் ஹோர்மோனான தைரொக்சின் குறையும்போது நீரைப் பிடித்து வைக்கும் ஒரு பொருள் உடம்பின் இழையங்களில் சேர்கிறது. முகம் ஊதுவதும் குரல் கட்டுவதும் அதனால்தான். மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே ஒடுங்கிய வழி ஒன்று உண்டு. மீடியன் நரம்பு அதற்குள்ளால்தான் போகிறது. வழி வீங்கினால் நரம்பு நசியும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவைதான் விறைக்கும். சின்ன விரல் மட்டும் விறைத்தால் அது வேறு நரம்பு, டொக்டரிடம் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

நாள் முழுக்கத் தறியில் மணிக்கட்டு மடிந்து நிமிர்வதும் இதைக் கூட்டும். தைரொக்சின் குளிசையை ஒழுங்காகப் போட்டால் பலருக்குச் சில மாதங்களில் குறைகிறது. அதுவரை இரவில் மணிக்கட்டுப் பட்டி கட்டிப் படுங்கள். பெருவிரலின் அடிச்சதை வற்றினாலோ, பிடித்த சாமான் கைநழுவினாலோ, தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் சிறு சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

களுவாஞ்சிக்குடி: அம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. பாதம் எரிகிறது, விறைக்கிறது. எதனால்?

தைரொயிட் குறைவு, சீனி இரண்டாலும் வரும், ஆனால் சீனியால் வருவதுதான் அதிகம். விற்றமின் பி12 குறைந்தாலும் இப்படித்தான் இருக்கும். உடம்பே தன் தைரொயிட்டைத் தாக்குகிறவர்களுக்கு பி12 குறைவும் சேர்ந்து வரக்கூடும், சீனிக்குக் கொடுக்கும் மெட்ஃபோமின் குளிசையை நீண்டகாலம் போட்டாலும் அது குறையும். எனவே டிஎஸ்எச் (தைரொயிட்டின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), பி12, சீனி மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பாமசியில் விற்றமின் வாங்கிப் போட்டே வருடங்களைக் கடத்துகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

அக்கரைப்பற்று: வாப்பாவுக்கு மறதி, பேச்சும் மெதுவாகிவிட்டது. வயசு என்கிறார்கள்.

வயசு என்று முடிவெடுக்கும் முன் டிஎஸ்எச் பாருங்கள். தைரொக்சின் குறைந்தால் யோசனை மந்தமாகும், மனம் சோரும், தசை பிடிக்கும். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைச் சுத்தியலால் தட்டினால் பாதம் அசைந்துவிட்டு மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும், டொக்டர்மார் அதைப் பார்த்தே சந்தேகப்படுவார்கள். நம்மூர் வெயிலிலும் போர்த்திக்கொண்டு கிடக்கிறாரா? உடம்பு குளிர்ந்து, எழுப்பினாலும் எழும்பாமல் தூங்கினால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காத்தான்குடி: நோன்பு காலத்தில் குளிசையை எப்போது போடுவது?

வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். விடியலுக்கு முந்திய ஸஹர் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடலாம். இல்லையென்றால் இரவு கடைசிச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்து. தேத்தண்ணீர் பிறகு. இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

ஏறாவூர்: கர்ப்பமாக இருக்கிறேன். மருந்து பிள்ளைக்குக் கூடாது என்று நிறுத்தச் சொல்கிறார்கள்.

நிறுத்தவே வேண்டாம், மகள். முதல் மாதங்களில் பிள்ளையின் மூளை வளர்வது உங்கள் தைரொக்சினை நம்பித்தான். கர்ப்பத்தில் பலருக்கு அளவைக் கூட்டவேண்டி வரும். இந்த வாரமே கிளினிக்குக்குப் போய் டிஎஸ்எச் பார்த்துக்கொள்ளுங்கள்.