மகள் எரிமலை ஆராய்ச்சி படிக்கப் போகிறேன் என்கிறாளா?

அம்மா, உங்கள் செய்தியை இரண்டு முறை படித்தேன். பள்ளிப் படிப்பை முடிக்கப் போகும் மகள் எரிமலைதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், நீங்களோ அவள் நெருப்புக் குழம்பின் விளிம்பில் நிற்பதாகக் கனவு கண்டு எழுந்து உட்காருகிறீர்கள். உயிருக்கு ஆபத்தா, வேலை கிடைக்குமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆபத்து நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. வேலை அவள் நினைப்பதைவிடக் கடினம். உங்கள் கவலையில் கொஞ்சம் அவளுக்கும், அவள் தைரியத்தில் கொஞ்சம் உங்களுக்கும் போனால் நன்றாக இருக்கும்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1980 மே 18 அன்று அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது, சுமார் 10 கிலோமீட்டர் தள்ளியிருந்த கண்காணிப்பு இடத்திலேயே டேவிட் ஜான்ஸ்டன் என்ற விஞ்ஞானி இறந்தார், வயது 30. அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டியவர் ஹாரி கிளிக்கன் என்ற மாணவர். மேற்படிப்பு நேர்காணலுக்குப் போக வேண்டியிருந்ததால் ஜான்ஸ்டன் அவருக்குப் பதிலாக வந்திருந்தார். அந்த கிளிக்கனும் 1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் மலையில், எரிமலைகளைப் படமெடுப்பதற்கே வாழ்ந்த மோரிஸ், காத்யா கிராஃப்ட் தம்பதியோடு இறந்தார். அன்று மொத்தம் 43 பேர் இறந்தார்கள். 1993இல் கொலம்பியாவின் கலேராஸ் மலையில் ஆறு விஞ்ஞானிகளும் மூன்று சுற்றுலாப் பயணிகளும் இறந்தார்கள். இதையெல்லாம் உங்கள் மகள் ஏற்கெனவே படித்திருப்பாள், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

ஆனால் இந்தத் துறையின் அன்றாடம் இது இல்லை. நிலநடுக்கமானிகளும், தரை சாய்வதை அளக்கும் சாய்வுமானிகளும் மலையிலிருந்தபடியே தகவல் அனுப்புகின்றன, ரேடார் செயற்கைக்கோள் தரை சில சென்டிமீட்டர் உப்பினாலே காட்டிக்கொடுக்கிறது, மலையிலிருந்து சல்ஃபர் டை ஆக்சைடு வாயு எவ்வளவு வருகிறது என்பதைத் தூரத்தில் நின்றே அளக்கலாம், எரிமலை வாயின் ஆபத்தான பள்ளத்துக்குள் இப்போது ட்ரோன் போகிறது. எனவே ஆண்டின் பெரும்பாலான நாள்கள் கணினித் திரைக்கு முன்னால்தான். களப்பணி இருக்கும், ஆனால் அது வருடத்தில் சில வாரங்கள். இதைக் கேட்டு உங்களுக்கு நிம்மதி, அவளுக்கு ஏமாற்றம் என்றால், அந்த ஏமாற்றம் இப்போதே வருவது நல்லது.

அப்புறம், இந்த வேலை எதற்கு என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தது, அப்படியொன்றும் பெரிய வெடிப்பு இல்லை, ஆனால் உச்சியிலிருந்த பனி உருகிச் சேறாகப் பாய்ந்து அர்மேரோ என்ற ஊரைப் புதைத்துவிட்டது. சுமார் 23,000 பேர் இறந்தார்கள். எந்த ஊர் வழியாகச் சேறு வரும் என்று காட்டும் வரைபடம் அதற்கு முன்பே தயாராகியிருந்தது, ஆனால் அது ஜனங்களைக் காலி செய்யவைக்கவில்லை. ஆறு வருடம் கழித்து பிலிப்பைன்ஸின் பினடூபோ விழித்தபோது, விஞ்ஞானிகள் சில வாரங்களுக்குள் கருவிகளைப் பொருத்தி, எச்சரிக்கை நிலைகளை எண் போட்டு அறிவித்து, எரிமலை என்ன செய்யும் என்பதை மோரிஸ் கிராஃப்ட் எடுத்த படக்காட்சிகளைக் கொண்டு அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். அவர் இறந்து 12 நாளில், ஜூன் 15 அன்று, மலை உச்சக்கட்டமாக வெடித்தது. அதற்குள் பல்லாயிரம் பேர் வெளியேறியிருந்தார்கள். அதனால்தான் உங்கள் மகளிடம் நான் முதலில் கேட்பது, ஒரு வரைபடத்தை அதைப் பார்த்தே பழகாத ஒருவருக்குப் புரியும்படி சொல்ல வருமா என்பதுதான். மதிப்பெண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, வேலைக்கு வருவோம். உலகில் இன்னும் வெடிக்கக்கூடிய எரிமலைகள் சுமார் 1,350, அதில் எந்த நேரம் பார்த்தாலும் நாற்பதுக்கு மேல் பொங்கிக்கொண்டோ புகைந்துகொண்டோ இருக்கும், இத்தாலியின் ஸ்ட்ரோம்போலி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஓய்ந்தபாடில்லை. மலைக்குக் குறைச்சல் இல்லை, நாற்காலிக்குத்தான் குறைச்சல். கண்காணிப்பு நிலையங்கள் பெரும்பாலும் அரசு நிறுவனங்கள், அவை தம் நாட்டுக் குடிமக்களுக்கே முன்னுரிமை தருகின்றன. முதுகலை, முனைவர் பட்டம் என்று பத்து வருடப் படிப்பு ஓடிவிடும், அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் தற்காலிகப் பணி சகஜம்.

அதனால் இளநிலையிலேயே எரிமலை என்ற பெயர் போட்ட படிப்பைத் தேட வேண்டாம். இயற்பியல், ஜியாலஜி, புவி இயற்பியல் இவற்றில் ஒன்று, கூடவே கணிதமும் புள்ளியியலும், பைத்தான் நிரலாக்கமும், செயற்கைக்கோள் படங்களைக் கையாளும் பழக்கமும். கணிதம் பிடிக்காது, எரிமலை மட்டும் பிடிக்கும் என்றால், மன்னிக்கவும், அது ரசனை, தொழில் இல்லை.

இந்தப் படிப்பு எரிமலை வேலை கிடைக்காவிட்டாலும் சோறு போடும். 1982இல் இந்தோனேசியாவின் கலுங்குங் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. நல்ல வேளையாக மீண்டும் இயங்கி, அனைவரும் பிழைத்தார்கள். இன்றைக்கு விமானங்களுக்குச் சாம்பல் எச்சரிக்கை தரவென்றே டோக்கியோ, டார்வின், லண்டன், துலூஸ் என உலகில் ஒன்பது மையங்கள் இருக்கின்றன. 2010இல் ஐஸ்லாந்தின் ஒரே ஒரு மலை சுமார் ஒரு லட்சம் விமானப் பயணங்களை ரத்து செய்யவைத்த பிறகு இந்த வேலையின் மதிப்பை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புவிவெப்ப மின்சாரம் இன்னொரு வழி, கென்யாவும் ஐஸ்லாந்தும் தம் மின்சாரத்தில் கணிசமான பங்கை அதிலிருந்துதான் பெறுகின்றன. தாமிரச் சுரங்கம், பேரிடர் மேலாண்மை, காப்பீட்டு நிறுவனங்களின் இடர் கணிப்பு என்று இன்னும் உண்டு.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறையும் சேர்ந்து ஒவ்வொரு வாரமும் உலக எரிமலைகளின் நிலவரத்தை இலவசமாக வெளியிடுகின்றன. ஒரு மலையை எடுத்துக்கொண்டு, இந்தோனேசியாவின் மெராப்பியோ ஜப்பானின் சகுராஜிமாவோ மெக்சிகோவின் பொப்போகாட்டெபெட்டிலோ, மூன்று மாதம் வாராவாரம் அதைப் படித்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை அதிர்வு, எவ்வளவு உயரத்துக்குச் சாம்பல், எச்சரிக்கை நிலை மாறியதா. பாதி வாரங்களில் போன வாரம் எழுதியதையேதான் எழுத வேண்டியிருக்கும். ஏழாவது வாரமும் அவள் சலிக்காமல் உட்கார்ந்தால் எனக்குத் தெரிவியுங்கள், பல்கலைக்கழகங்களைப் பற்றி அப்புறம் பேசலாம். மலையை மட்டும் அவளே தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.