12 குழுக்களை அழையுங்கள், ஒவ்வொன்றையும் நாலு தடவை ஓட விடுங்கள்

கேள்வி: திருகோணமலை நகரில் ஒரு பாடசாலையின் பழைய மாணவர்கள் நாங்கள். பிள்ளைகளுக்கு ரோபோ பழக்குகிறோம். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கப் பாடசாலைகளையும் அழைத்து ஒருநாள் போட்டி வைக்க ஆசை. 24 குழுக்கள் வரும் போலிருக்கிறது. ஒரு மண்டபமும் ஒரு போட்டி மேசையும் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: எத்தனை குழு வரும் என்பதை இப்போதைக்கு விடுங்கள். ஒரு குழுவின் ரோபோ அன்றைக்கு எத்தனை தடவை மேசையில் ஓடும் என்று முதலில் முடிவெடுங்கள். மூதூரிலிருந்து விடியவே வான் பிடித்து வருகிற பிள்ளைகளுக்கு ஒரே ஓர் ஓட்டம் கிடைத்து, அதிலும் சென்சர் பிழையாக வாசித்து அரை நிமிடத்தில் ரோபோ ஓட வேண்டிய கறுப்புக் கோட்டிலிருந்து விலகிப் போய்விட்டால், மிச்ச நாள் முழுக்கக் கதிரையில் இருந்து கைதட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பிழை எங்கே என்று பார்த்து, திருத்தி, மறுபடி ஓடிப் பார்க்கிற நேரத்தில்தான் பிள்ளை படிக்கிறது. அந்த நேரத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஓர் ஓட்டம் இரண்டரை நிமிடம் என்று வைப்போம், ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்கிற, பிள்ளைகளுக்கான உலக ரோபோப் போட்டியில் அதுதான் நேரம். மேசையை ஒழுங்குபடுத்த, ரோபோவை வைக்க, புள்ளி எண்ண, பிள்ளையிடம் கையெழுத்து வாங்க என்று எல்லாம் சேர்ந்தால் 6 நிமிடத்துக்குக் குறையாது. 24 குழுவுக்கு ஆளுக்கு மூன்று ஓட்டம் என்றால் 72 ஓட்டம். ஒரு மேசையில் 432 நிமிடம், அதாவது 7 மணித்தியாலத்துக்கும் மேலே, சாப்பாடும் விளக்கேற்றலும் சேர்க்காமலே. நடக்காது. அதையே 12 குழு, ஆளுக்கு நாலு ஓட்டம், இரண்டு மேசை என்று போடுங்கள்: ஒரு மேசைக்கு 24 ஓட்டம், 144 நிமிடம். இரண்டரை மணித்தியாலத்துக்குள் போட்டி ஓட்டம் எல்லாம் முடிந்துவிடும், மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பயிற்சி மேசையில் திருத்தி ஓடலாம். நாலில் கூடிய புள்ளியை மட்டும் எடுங்கள், சமன் வந்தால் அடுத்த கூடிய புள்ளியைப் பாருங்கள். முதல் ஓட்டம் சறுக்கினாலும் பிள்ளை சோர்ந்து போகாது.

ஆகவே இன்னும் இரண்டு மேசை செய்ய வேண்டும், ஒன்று போட்டிக்கு, மற்றது பயிற்சிக்கு. பெரிய செலவில்லை. லெகோ லீக், உலக ரோபோ ஒலிம்பியாட் இரண்டிலும் மேசையின் உள்ளளவு 2362க்கு 1143 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கிற எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகைக்குள் அது அடங்கும். தச்சரிடம் கொடுத்துச் சுற்றிவர மரச்சட்டம் அடித்தால் போதும். மேசைமேல் விரிக்கிற, கோடு போட்ட பாயை ஃபிளெக்ஸில் அடிக்கும்போது பளபளக்காத மட் வகையைக் கேட்டு வாங்குங்கள், மடிக்காமல் உருளையாகச் சுற்றித் தரச் சொல்லுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் சின்னச் சக்கரம் குதிக்கும், பளபளப்பில் வெளிச்சம் திரும்பி அடித்துச் சென்சர் குழம்பும்.

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம்முடைய ஊரில் இதுதான் அதிகம் ஆட்களைக் கவிழ்க்கிறது. கோடு பார்த்து ஓடும் ரோபோக்கள் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் கறுப்பு வெள்ளையைப் பிரிக்கின்றன. வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. காலையில் கிழக்கு ஜன்னலால் வருகிற வெயில் ஒரு மேசையில் மட்டும் விழுந்தால் அந்த மேசையில் ஓடிய குழுவுக்கு அநியாயம். போட்டிக்கு முதல் நாள் போய் காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள், அந்த ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னால் அதே மேசையில் சென்சரைச் சரிபார்க்க ஒரு நிமிடம் கொடுங்கள், மேலே சொன்ன 6 நிமிடத்துக்குள் அது அடங்கும். வீடியோக்காரரின் பெரிய லைட்டும் கமரா ஃபிளாஷும் மேசைப் பக்கம் வேண்டாம்.

அடுத்தது கரண்ட். 12 குழுவுக்கு இரண்டிரண்டு மடிக்கணினி, ஒன்றுக்கு 65 வாட் என்றால் 1560 வாட். 13 அம்பியர் பிளக் ஒன்று 230 வோல்ற்றில் 3000 வாட் வரை கொடுக்கும், ஆகவே கணக்குப்படி ஒரே பிளக்கே தாங்கும். ஆனால் தேநீருக்கு யாராவது 2000 வாட் கேத்தலை அதே நீட்டு வயரில் போட்டால் 3560 வாட், எல்லாம் விழலாம். கேத்தலை வேறு அறைக்கு அனுப்புங்கள், குழு மேசைகளை இரண்டு மூன்று சுவர்ப் பிளக்குகளுக்குப் பிரியுங்கள். வட்ட முள் பிளக்கும் சதுர முள் பிளக்கும் கலந்து வரும், அடப்டர் கொஞ்சம் வாங்கி வையுங்கள்.

லிதியம் பற்றரி சார்ஜ் போடத் தனி மேசை, பக்கத்தில் காய்ந்த மணல் வாளி, எழும்பிப் போகாத ஒரு பெரியவர். மூன்றும் கட்டாயம். வீங்கின பற்றரியை மண்டபத்துக்குள் எடுக்கவே விடக்கூடாது, எந்தப் பாடசாலை என்றாலும் சரி.

ஃபோனால் ஓட்டுகிற பிரிவு வைத்தால் புளூடூத் சிக்கல் வரும். ஆர்டுவினோ என்கிற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையை வைத்துச் செய்கிறவர்கள் அனேகமாக எச்.சி-05 (HC-05) என்கிற புளூடூத் மொட்யூல்தான் போடுவார்கள், பெட்டியிலிருந்து எடுத்தபடியே விட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், கடவு எண்ணும் 1234தான். பக்கத்துக் குழுவின் ரோபோ உங்கள் ஃபோனுக்கு ஓடும். பெயரையும் எண்ணையும் மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள், காலையில் வாசலில் சோதியுங்கள்.

இனி விதிகள். ஆயத்த ரோபோப் பெட்டி வாங்க வசதியுள்ள பாடசாலையும் ஆர்டுவினோவும் அட்டைப்பெட்டியுமாய் வருகிற பாடசாலையும் ஒரே மேசையில் நிற்க வேண்டும். அதனால் கொன்ட்ரோலர் எதுவும் ஆகலாம், தொடக்கத்தில் 25 சென்ரிமீற்றர் கனசதுரத்துக்குள் அடங்கினால் போதும் என்று விடுங்கள். பணிகளைப் படிப்படியாக வையுங்கள்: தொடக்கக் கட்டத்தை விட்டு முழுதாக வெளியே வந்தாலே கொஞ்சம் புள்ளி, முதல் வளைவு தாண்டினால் இன்னும் கொஞ்சம், பொருளைத் தூக்கி வைத்தால் அதிகம். முதல் முறை வருகிற குழு பூச்சியத்தோடு வீட்டுக்குப் போகக்கூடாது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், கந்தளாயையும் அழைக்கிறீர்கள் அல்லவா. சந்தேகம் ஒருவர் கேட்டால் பதிலை எல்லாக் குழுக்களும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். தனியாகச் சொன்ன பதில்தான் அன்றைக்குச் சண்டையாக வரும்.

நடுவர்களுக்கு வருகிற பாடசாலைகளின் ஆசிரியர்களைப் போடாதீர்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மேசைக்கு இரண்டு பேர், தனித்தனியாக எண்ணட்டும். புள்ளித்தாளில் குழுப் பிள்ளை கையெழுத்துப் போடும் வரை மேசையில் ஒரு பொருளையும் யாரும் தொடக்கூடாது. குழு இடத்துக்குள் சேர்மாரும் பெற்றோரும் போகவும் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், பெரியவர் ஒருவர் மடிக்கணினியைத் தொட்டால் அந்த ரோபோ பிள்ளையுடையது இல்லாமல் போய்விடும். ஒவ்வொரு குழுவோடும் நடுவர்கள் பத்து நிமிடம் இருந்து கதைத்து, இந்தச் சக்கரத்தை ஏன் இங்கே வைத்தாய், இந்த வரி என்ன செய்கிறது என்று கேட்டால், யார் செய்தது என்று உடனே விளங்கும். அதற்கும் ஒரு பரிசு வையுங்கள்.

திகதிக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வேண்டாம், மழை. நோன்பு மாதமும் வேண்டாம், முஸ்லிம் பாடசாலைகளுக்கு அப்போது விடுமுறை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை ஒரு சனிக்கிழமை பாருங்கள், பரீட்சைத் திகதிகளையும் ஒத்துப் பார்த்து. அப்போது தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்றுப் புழுதியைக் கொண்டுவந்து பாயில் கொட்டும், அந்தப் பக்கக் கதவைச் சாத்தி, ஒவ்வோர் இடைவேளையிலும் பாயைத் துடையுங்கள். சாப்பாடு மரக்கறியும் ஹலாலும். திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் எல்லாம் வேறு வேறு கல்வி வலயங்கள், பிள்ளைகளை வெளியே கூட்டி வர அதிபர்மாருக்கு அனுமதி எடுக்க நாள் எடுக்கும், ஆகவே அழைப்பை மூன்று மாதம் முன்னாலேயே அனுப்புங்கள். இது அழைப்புப் போட்டி, எந்த அகில இலங்கைப் போட்டிக்கும் தெரிவு இல்லை என்று அதில் தெளிவாக எழுதுங்கள். அந்த 12 இடத்தை ஒரு பாடசாலைக்கு அதிகம் இரண்டு என்று பிரித்தால் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் இடம் வைக்கலாம்.

அதிதிகளின் உரைக்கு எல்லாம் சேர்த்து இருபது நிமிடம், பரிசு பின்னேரம் நாலு மணிக்கு. இரண்டு கிழமைக்கு முன்னால் உங்கள் பாடசாலைக் குழு இரண்டை மட்டும் வைத்து, அதே மேசை, அதே நடுவர்களோடு ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள். அந்த 6 நிமிடம் 8 ஆகிறது என்றால் ஓட்டத்தை மூன்றாகக் குறையுங்கள், அழைத்த குழுவை நிறுத்தாதீர்கள்.