கவர்னர் நாற்காலியும் கிரேடு ‘பி’ தேர்வும்

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் இறுதியாண்டு படிக்கிறேன். வயது 22. ரகுராம் ராஜன் மாதிரி ரிசர்வ் வங்கியிலும் ஐ.எம்.எஃப். எனும் பன்னாட்டு நிதியத்திலும் வேலை பார்க்க ஆசை. ரிசர்வ் வங்கி அதிகாரிகளுக்கான கிரேடு ‘பி’ தேர்வை எழுதட்டுமா, பிஎச்.டி.க்குப் போகட்டுமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ரகுராம் ராஜன் கிரேடு ‘பி’ எழுதி உள்ளே போனவர் அல்லர். சிகாகோவில் பேராசிரியர், 2003 முதல் 2006 வரை ஐ.எம்.எஃப்.பின் தலைமைப் பொருளாதார நிபுணர். 2012இல் மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர், 2013இல் ரிசர்வ் வங்கிக் கவர்னர். அரியலூர்க்காரரான சி. ரங்கராஜனும் பேராசிரியராக இருந்து 1982இல் துணை கவர்னராக வந்தவர்தான். ரிசர்வ் வங்கி ஊழியராகவே வளர்ந்து கவர்னரானவர் எம். நரசிம்மம் ஒருவரே. 1977இல், அதுவும் ஏழு மாதம். மற்றபடி அந்த நாற்காலி பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கும் பொருளாதார நிபுணர்களுக்கும்தான் போயிருக்கிறது. துணை கவர்னர் இடங்கள் நான்கு. அவற்றில் இரண்டு வழக்கமாக உள்ளே இருப்பவர்களுக்கு. தேர்வு எழுதிப் போகிறவர் எட்டக்கூடிய உச்சி அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரேடு ‘பி’யில் மூன்று வாசல்கள்: பொது, பொருளாதார ஆய்வுத் துறை, புள்ளியியல் துறை. பலரும் பொதுவை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். பொதுப் பிரிவில் சேர்ந்தால் வங்கி மேற்பார்வை, நோட்டு விநியோகம், அந்நியச் செலாவணி என்று எதிலும் போடுவார்கள். ஊர் மாற்றமும் அதிகம். பணவீக்கக் கணிப்பு, நாணயக் கொள்கைக்கான அடிப்படை ஆய்வு எல்லாம் ஆய்வுத் துறையின் வேலை. உங்கள் ஆசைக்கு மிக நெருங்கிய வாசல் இதுதான். எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும். நான்காவது செமஸ்டரைக் கோட்டைவிட்டுவிடாதீர்கள்.

பொது, ஆய்வுத் துறை இரண்டையுமே எழுதலாம். பொதுப் பிரிவின் முதல் கட்டம் 200 மதிப்பெண், 120 நிமிடம். அதில் பொது அறிவு மட்டும் 80, கணக்கு 30தான். ஆறு மாதமும் கணக்கையே போட்டுப் பார்த்துவிட்டு, இந்த 80இல் சறுக்குகிறவர்கள் ஏராளம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். இந்த 200 வடிகட்டுவதற்கு மட்டுமே. இறுதிப் பட்டியலில் சேராது. அங்கே கணக்கில் வருவது இரண்டாம் கட்டத்தின் 300, நேர்காணலின் 75.

பொதுப் பிரிவின் இரண்டாம் கட்டத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் தோற்பது பாடத்தில் அல்ல, விசைப்பலகையில். கட்டுரை விடைகளைக் கணினியில்தான் அடிக்க வேண்டும். கையால் பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவருக்கு முதல் விடையிலேயே நேரம் தீர்ந்துவிடும். தினமும் 400 சொல் ஆங்கிலத்தில் அடித்துப் பழகுங்கள். ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கை அறிக்கையையே எடுத்துச் சுருக்கி எழுதினால் பாடமும் சேர்ந்து ஏறும்.

இனி வெளிநாடு. ஐ.எம்.எஃப்.பில் இளம் பொருளாதார நிபுணராக நேரடியாகச் சேரப் பெரும்பாலும் பிஎச்.டி. கேட்பார்கள். இன்னொரு வழி, ரிசர்வ் வங்கி போன்ற மத்திய வங்கியில் இருந்துகொண்டே, சில காலம் அயல்பணியாக அங்கே போவது. ஐ.எம்.எஃப்.பில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூட்டான் நான்குக்கும் சேர்த்துப் பிரதிநிதியாக ஒரே நிர்வாக இயக்குநர். அந்த அலுவலகத்துக்கு ரிசர்வ் வங்கி அதிகாரிகள் ஆலோசகராகப் போவதுண்டு. ஆனால் அதற்குள் பணியில் பல ஆண்டுகள் ஓடியிருக்கும்.

அப்படிப் போய் வந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இலங்கையின் நந்தலால் வீரசிங்கவைப் பாருங்கள். அந்நாட்டு மத்திய வங்கியில் வளர்ந்தவர். ஐ.எம்.எஃப்.பில் உள்ள இதே அலுவலகத்தில் மாற்று நிர்வாக இயக்குநராக, அதாவது இயக்குநருக்கு அடுத்தவராக, இருந்தவர். 2022 ஏப்ரலில் நாடு டாலர் இல்லாமல் தவித்தபோது கவர்னராகி, 8ஆம் தேதி வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றினார். வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக இலங்கை 12ஆம் தேதி அறிவித்தது. அடுத்து ஐ.எம்.எஃப்.புடன் பேச வேண்டியிருந்தது; எதிர்த்தரப்பு என்ன கேட்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

ஆகவே ‘இதுவா அதுவா’ என்று குழம்ப வேண்டாம். கிரேடு ‘பி’க்கு வயது வரம்பு 30, பிஎச்.டி. முடித்தவர்களுக்கு 34. இந்த ஆண்டு ஆய்வுத் துறைக்கு எழுதுங்கள். கிடைத்தால், சேர்ந்து சில ஆண்டு கழித்துப் படிப்பு விடுப்பில் மேற்படிப்புக்குப் போக முடியும். கிடைக்காவிட்டால் பிஎச்.டி.யில் சேருங்கள். ஆய்வுத் தலைப்பை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்: செலாவணி மாற்று விகிதம், அந்நிய மூலதன வரத்து, பணவீக்கம் என்று மத்திய வங்கிக்குப் பயன்படுகிற ஒன்றாக இருந்தால், நேர்காணல் அறையில் பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.