வாடிக்கையாளரைப் பற்றி ஊடகங்களில் செய்தி வரவைப்பது எப்படி?

மக்கள் தொடர்பு வேலையில், வாடிக்கையாளரான நிறுவனத்தைப் பற்றிய ஒரே பத்திரிகைக் குறிப்பை நூறு நிருபர்களுக்கு அனுப்பியும் ஏன் யாரும் போடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நூறு பேருக்கும் ஒரே குறிப்பை அனுப்பியதுதான் காரணம்!

நிருபர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு துறை இருக்கும். அவர் சமீபத்தில் எழுதிய நாலைந்து செய்திகளைப் படித்துவிட்டு, அவருக்கென்றே எழுதுங்கள். மின்னஞ்சலின் தலைப்பு வரியிலேயே விஷயம் தெரிய வேண்டும். "முன்னணி நிறுவனத்தின் புதிய அறிமுகம்" என்று போட்டால் திறக்கவே மாட்டார். "பேட்டரியை நீங்களே கழற்றி மாற்றக்கூடிய போன்" என்றால் கொஞ்சம் நின்று பார்ப்பார்.

அப்புறம், அவருடைய வேலையைச் சுலபமாக்குங்கள். 1906-இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி ரயில் விபத்தின்போது, ரயில் நிறுவனத்தின் மக்கள் தொடர்பு ஆலோசகர் ஐவி லீ அறிக்கை கொடுத்ததோடு நிற்கவில்லை. நிருபர்களைச் சம்பவ இடத்துக்கே வரவழைத்தார். இன்றைக்கும் அதேதான்: நல்ல படங்கள், சரிபார்க்கக்கூடிய எண்கள், அன்றே போனில் பேச ஒருவர். கடைசியில் சொன்னதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிருபர் கூப்பிடும்போது நிர்வாக இயக்குநர் "மீட்டிங்கில்" இருப்பார்; செய்தி போட்டியாளருக்குப் போய்விடும்.

பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் தொந்தரவு. வாடிக்கையாளரிடம் "கண்டிப்பாக வரும்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். காசு கொடுத்து உறுதி செய்வதற்குப் பெயர் விளம்பரம்.