பண்ருட்டி முந்திரித் தோப்பின் பட்டா தமிழில் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகைக்கு நானே மொழிபெயர்க்கலாமா?

சில கல்லூரிகள் ஏற்கும், சில சான்றளித்த மொழிபெயர்ப்பு கேட்கும். முதலில் உதவித்தொகை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். வருமான வரிப் படிவம் ஆங்கிலத்திலேயே வரும், அதைத் தொட வேண்டாம்.

உழைப்பெல்லாம் பட்டாவில்தான். அதில் பரப்பு 0 - 40.50 என்றிருந்தால் 0 ஹெக்டேர், 40.5 ஏர்ஸ், அதாவது சுமார் ஒரு ஏக்கர். வெறும் எண்ணை விட்டால் படிப்பவர் குழம்பிப் போவார். ‘புன்செய்’ என்பதையும் விளக்குங்கள். 3,60,000 என்பதை அமெரிக்க முறைப்படி 360,000 என்று எழுதுங்கள். ரூபாயை டாலராக்காதீர்கள், சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற ஆன்லைன் உதவித்தொகை விண்ணப்பத்திலும் நம்ம நாட்டுப் பணத்தில்தான் நிரப்ப வேண்டும்.

கூட்டுறவுச் சங்க நகைக்கடன் ரசீதை மறைக்காதீர்கள், ப்ளீஸ். கடன் அவமானமில்லை, குடும்பத்தின் உண்மை நிலை அதில்தான் தெரியும். அப்புறம், மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒரே பிடிஎஃப்பாக அனுப்புங்கள்.