முதலில் அந்த அரை மைலை அளந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 32. கண்டியில் வேலை செய்கிறேன். வார இறுதியில் தலவாக்கலைக்கு அருகே தோட்டத்திலுள்ள வீட்டுக்கு வருவேன். பிரதான வீதியிலிருந்து வீடு அரை மைல், தோட்டத்து ரோட்டு. இருவர் மட்டும் அமரக்கூடிய மஸ்டா ரோட்ஸ்டர் கார் ஒன்றை வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கண்டியில் 1991ஆம் ஆண்டின் சிவப்பு நிற 1.6 லீற்றர் கார் ஒன்றும், கொழும்பில் ஜப்பானிலிருந்து அண்மையில் இறக்கிய 2022ஆம் ஆண்டின் 1.5 லீற்றர் வெள்ளை நிறக் கார் ஒன்றும் விற்பனைக்கு உள்ளன. இப்போதுள்ள சுசுகி ஆல்டோவை விற்றுவிட்டு இவற்றில் எதை வாங்கலாம்? இவ்வளவு சிறிய எஞ்சின் மலையில் இழுக்குமா? மாதம் ஒருமுறை அம்மாவை நுவரெலியா கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டியும் இருக்கிறது.
— ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: எஞ்சின் இழுக்குமா என்பதையே பெரிய கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள், தம்பி. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எந்தப் பெற்றோல் எஞ்சினும் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும், குளிர்காற்று அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். 2022ஆம் ஆண்டுக் காரின் ஏறக்குறைய 130 குதிரைவலு அங்கே 105, 110 என்று குறைந்தாலும், அந்த வலு இழுக்க வேண்டிய எடை ஒரு தொன்னை ஒட்டியதுதான். 1991ஆம் ஆண்டுக் காரோ 120 குதிரைவலுவும் 940 கிலோ எடையும் கொண்டது. றம்பொடை ஏற்றத்தில் முன்னால் போகும் லொறியை முந்துவதற்கு இந்த வலு தாராளமாகப் போதும்; முந்துவதற்கு இடம் கிடைக்குமா என்பது வேறு விடயம்.

சொல்லப்போனால், இந்தக் காரின் குணம் நம்முடைய வீதிகளுக்கென்றே வார்த்தது போன்றது. எஞ்சின் முன்னே, உந்துதல் பின்சக்கரங்களில், எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. 1989இல் சிக்காகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, பழைய பிரித்தானிய லோட்டஸ் எலான் போன்ற இலேசான திறந்த கார்களின் சுகத்தை, அவற்றின் எண்ணெய்க் கசிவும் மின்கோளாறும் இல்லாமல் தருவதே அதன் நோக்கமாக இருந்தது. நான்கு தலைமுறைகள் கடந்தும் அந்த நோக்கம் மாறவில்லை. 2016இல் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. மணிக்கு 40, 50 கிலோமீற்றரில், இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே கை போய்வந்துகொண்டிருக்க, வளைவுக்கு வளைவு ஸ்டியரிங் சொல்வதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவதற்குத்தான் இது செய்யப்பட்டது. அதிவேகப் பாதையில் இதை ஓட்டினால் காற்றின் இரைச்சல்தான் மிஞ்சும். ஆகவே கம்பளை, புசல்லாவை வழியாக வரும் உங்கள் சனிக்கிழமைப் பயணத்தைப் பொறுத்தவரை உங்கள் ஆசையில் குற்றமே இல்லை.

குற்றம் அந்தக் கடைசி அரை மைலில் இருக்கிறது. புதிய ரோட்ஸ்டரின் அடிப்பாகத்துக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள உயரம் 14 சென்ரிமீற்றர். உங்கள் ஆல்டோவுக்கு 16. இரண்டு சென்ரிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் தோட்டத்து ரோட்டில் கொழுந்து லொறி நாள்தோறும் இரண்டு தடங்களைக் கீழே அழுத்திக்கொண்டே போவதால் நடுவில் புல் முளைத்த ஒரு முதுகு எழுந்து நிற்கும். அந்த முதுகில் உரசுவதா உரசாமல் போவதா என்பதை அந்த இரண்டு சென்ரிமீற்றர்தான் தீர்மானிக்கிறது. அதோடு ரோட்ஸ்டரின் முன்பம்பரின் கீழுதடு தாழ்வானது. கானைக் கடக்கும் கொங்கிறீட் பள்ளத்தில் அது முதலில் இடிக்கும், பிறகு பெயரும். ஒரு ஞாயிறு காலையில் அடிமட்டத்தோடு நடந்துபோய், லொறித் தடத்திலிருந்து நடுமுதுகு எவ்வளவு உயரம் என்று ஏழெட்டு இடங்களில் அளந்து பாருங்கள். எங்காவது 11 சென்ரிமீற்றருக்கு மேல் வந்தால், இருவர் ஏறிய பிறகு கார் இன்னும் தாழும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, காரைப் பிரதான வீதியருகே கூரையுள்ள இடத்தில் நிறுத்திவிட்டு நடந்துபோக உங்களுக்குச் சம்மதமா என்று யோசியுங்கள். ஜப்பானிலிருந்து வரும் புதிய ரோட்ஸ்டரில் மேலதிகச் சக்கரம் கிடையாது, ஓட்டை அடைக்கும் பசையும் காற்றுப் பம்பும் மட்டுமே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல் குத்தி டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அந்தப் பசையால் பயனில்லை.

அடுத்தது மழை. உங்கள் 1991ஆம் ஆண்டுக் காரைப் பற்றிய என் தயக்கம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. துணிக்கூரையில் விழும் நீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இரு மூலைகளிலும் உள்ள துளைகள் வழியாக இறங்கி, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் நிலத்தில் விழ வேண்டும். இலைத்தூளும் தூசியும் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் நீர் கதவுக்குக் கீழுள்ள படிப்பெட்டிக்குள் நிறைந்து, உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். வெளியே பெயின்ற் பளபளவென்றுதான் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் பண்டாரவளையில் நண்பர் ஒருவருக்காக இதே வகைக் காரொன்றைப் பார்க்கப் போனேன். கம்பளம் ஈரமாக இருந்தது. காலையில்தான் கழுவினோம் என்றார் விற்பவர். ஒரு கோப்பைத் தண்ணீரை வாங்கி மூலையில் ஊற்றினேன். ஒரு துளிகூடக் கீழே விழவில்லை. சைக்கிள் கம்பியொன்றை உள்ளே விட்டுக் கிளறிய பிறகு, கறுத்த சைப்பிரஸ் இலைச்சேற்றோடு ஒரு போத்தல் அளவுக்கு நீர் கொட்டியது. பின்சக்கரத்துக்கு முன்னால் படிப்பெட்டியைப் பெருவிரலால் அழுத்தினேன், பெயின்ற் பப்படம்போல் நொறுங்கியது. அந்தத் தண்ணீர்ச் சோதனையை நீங்களும் செய்யுங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும்.

ஹட்டன் வழியாக வந்தால் கினிகத்தேனையையும் வட்டவளையையும் கடக்க வேண்டும். இலங்கையில் மிக அதிகமாக மழை பொழியும் இடங்களில் அவை சேர்ந்தவை. 1991ஆம் ஆண்டுக் கார் முதல் தலைமுறையைச் சேர்ந்தது; அதன் பின்கண்ணாடி கண்ணாடியே அல்ல, பிளாஸ்டிக். அது மங்கிப்போயிருந்தால் பனிமூட்டத்தில் பின்னால் வருவது தெரியாது. குளிர்ந்திருக்கும்போது சிப்பைத் திறக்காமல் கூரையை மடித்தால் வெடிக்கவும் கூடும். சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் பெரும்பாலும் இருக்காது, வழுக்கலைத் தடுக்கும் மின்னணு உதவி அறவே இல்லை. நானுஓயாப் பக்கம் நனைந்த வளைவொன்றில் பின்சக்கர உந்துதல் கார் திடீரென்று வாலை வீசினால் அடக்குவதற்கு அனுபவம் வேண்டும். புதிய காரில் அந்த உதவி உண்டு.

இவ்வளவுக்கும் பிறகும் பழையதன் மீதே மனம் நிற்கிறதென்றால், ஆவணத்திலும் காரின் உடலிலும் சேசிஸ் எண் என்ஏ6சிஇ என்று தொடங்குகிறதா என்று பாருங்கள், 1.6 லீற்றர் காருக்கு அதுதான் சரி. டைமிங் பெல்ற் 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மேலே டிக் டிக் என்ற சத்தம் வந்து சூடானதும் நின்றுவிட்டால் அது பெரிய வியாதி அல்ல; கிளட்ச் மிதி தளர்ந்து உள்ளே போவதும் பெரும்பாலும் கிளட்சை இயக்கும் ஒரு சிறிய எண்ணெய்ச் சிலிண்டரின் கசிவுதான், செலவு குறைவு. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய காராக இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசாமல் திரும்பிவிடுங்கள்.

வெள்ளைக் காருக்குச் சோதனை குறைவு. ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலையைக் குறித்துக் கொடுத்த ஏலத் தாளை வாங்கி, அதிலுள்ள கிலோமீற்றரையும் தரத்தையும் வாகனத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையால் மாற்றும் ஆறு கியர் உள்ளதையே எடுங்கள்; இறக்கத்தில் எஞ்சினைக் கொண்டு வேகத்தைப் பிடித்து பிரேக்கைக் காப்பாற்றுவது அதில் இயல்பாக வரும். இந்த எஞ்சினுக்கு 95 ஒக்டேன் பெற்றோல்தான் உகந்தது. எல்லாப் பெற்றோல் செட்டிலும் அது இருப்பதில்லை என்பதால் கண்டியிலேயே நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். பழைய காருக்கு 92 போதும். அதன் பக்கம் நான் சொல்லக்கூடிய நல்ல வார்த்தைகளில் இதுவும் ஒன்று.

இரண்டில் ஒன்று என்றால் என் தெரிவு வெள்ளைக் காரே. சிவப்புக் கார் கண்டியில் கூரைக்குக் கீழே வைத்து, வெயில் காலத்தில் வெளியே எடுத்து, ஏப்ரலில் நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்க்கப் போய்வரும் ஒருவருக்கு உரியது. வாராவாரம் மழையில் மலையேறும் உங்களுக்கு அல்ல.

ஆனால் ஆல்டோவை விற்காதீர்கள். கடிதத்தின் கடைசி வரியில்தான் அம்மாவைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் அதை முதல் வரியாகவே வாசித்தேன். ரோட்ஸ்டரின் இருக்கை ஏறக்குறைய நிலத்தோடு கிடப்பது. அதில் அமர்வது அமர்வதல்ல, இறங்குவது; எழும்புவதற்கு முழங்காலும் இடுப்பும் ஒத்துழைக்க வேண்டும். கிளினிக்குக்கு அம்மாவோடு துணையாக இன்னொருவர் போக வேண்டியிருந்தால் அவருக்கு இடம் கிடையாது. பொருட்கூடை 130 லீற்றர்தான், ஒரு பயணப் பையும் மரக்கறிப் பையும் வைத்தால் நிறைந்துவிடும். இரண்டு வாகனங்களுக்கும் காப்புறுதி, ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் என்று செலவு வரும் என்பது தெரிந்தே சொல்கிறேன். அந்தச் செலவு இப்போது முடியாதென்றால், ரோட்ஸ்டர் ஓரிரு ஆண்டு பொறுக்கட்டும்.

கொழும்புக்குப் போய்க் காரைப் பார்க்கும் நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கதவைத் திறந்து, நீங்கள் கை கொடுக்காமல் அவரே ஒருமுறை உட்கார்ந்து எழும்பட்டும். விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.