சின்சில்லா ஷோல ஜட்ஜ் எதை வச்சு முதல் பரிசு குடுக்கறாங்க?

சின்சில்லாங்கறது மெத்துனு முடி இருக்கற, அணில் மாதிரி கொறிக்கற சின்னப் பிராணி. அமெரிக்கால எம்பிரஸ், எம்சிபிஏ மாதிரி, இதை வளர்த்து குட்டி போட வைக்கறவங்களோட (பிரீடர்) சங்கங்கள் நடத்துற ஷோவ வச்சு சொல்றேன். கொஞ்சுது, கையில சமர்த்தா உக்காருதுங்கறதெல்லாம் அங்க செல்லாது, முக்காவாசி பாக்கறது முடியத்தான். ஒரே கலர், கிட்டத்தட்ட ஒரே வயசுல இருக்கறதையெல்லாம் சின்னக் கம்பிக் கூண்டுகள்ல வரிசையா வச்சு, பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை லைட்டுக்குக் கீழ ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுவாங்க, கூண்டுல நம்பர் மட்டும்தான் இருக்கும்.

முதல்ல கலர் சுத்தம். சாம்பல்ல நீலம் ஓடணும், லேசா மஞ்சளோ பழுப்போ தட்டுச்சுன்னா பின்னாடி போயிடும், வயித்து வெள்ளையும் பளிச்சுனு இருக்கணும். அப்புறம் அடர்த்தி. ஒரே வேர்க்கால்லேர்ந்து அம்பது அறுபது முடி வர்ற பிராணி இது, அதனால ஜட்ஜ் முடிக்குள்ள வாயால ஊதிப் பாப்பார், நல்ல அடர்த்தியா இருந்தா தோல் தெரியறதே கஷ்டம், ஊதி முடிச்சதும் முடி சட்டுனு நிமிந்து நிக்கணும், படிஞ்சே கெடந்தா முடிக்கு பலம் பத்தலைன்னு அர்த்தம். என்னைக் கேட்டா இந்த ஊதற நேரம்தான் ஷோவோட உயிரே. கழுத்தே தெரியாத அளவு கட்டையா உருண்டையா உடம்பு இருக்கறதும் கணக்குல வரும், ஆனா எவ்ளோ பெருசா இருந்தாலும் கலர் மங்கலா இருந்தா முதல் ரிப்பன் கிடைக்கறது ரொம்ப கஷ்டம்.